வேலை கொடுப்பதும் ஒரு சாட்சியமே!

ஒருவரை வேலைக்கு வைப்பது உலக விவகாரம். அதில் மார்க்கத்துக்கு என்ன இருக்கிறது என்று நம் முதலாளிமார்களில் சிலர் எண்ணுகிறார்கள். கடைக்குக் கணக்கெழுத ஆள் வேண்டுமென்றால் மனுக்களை வாங்குகிறார்கள். பட்டத்தைப் பார்க்கிறார்கள். யார் மகன், யார் சொல்லி வந்தான் என்று விசாரிக்கிறார்கள். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு, 'நாளை முதல் வா' என்றோ, 'சொல்லியனுப்புகிறோம்' என்றோ முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வீட்டின் அடுப்பு எரிவதும் எரியாததும் தீர்மானமாகிவிடுகிறது. 'இவன் தகுதியுள்ளவன், அவன் தகுதியற்றவன்' என்று சொல்வது சாட்சியம் அல்லவா? கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்லலாமா?

பிறரைக் குறை சொல்லும் முன் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மக்தபுக்கு உஸ்தாதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நாமும் அமர்ந்திருந்தோம். இருவர் வந்திருந்தனர். முதலாமவர் இனிய குரலில் கிராஅத் ஓதினார். கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாகப் பதில் சொன்னார். இரண்டாமவர் எங்கள் முன் அமர்ந்ததும் நாக்குத் தடுமாறினார். முதலாமவரையே அனைவரும் விரும்பினர். நாமும் 'ஆம்' என்றோம். ஆறு மாதத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். அவருக்கு ஓதத் தெரியும். பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கத் தெரியவில்லை.

பின்னர் வேறோர் ஊர்ப் பள்ளிவாசலில் அந்த இரண்டாமவரைக் கண்டோம். ஒரு சிறுவன் ஓர் எழுத்தைத் திரும்பத் திரும்பத் தவறாக உச்சரித்தான். இவர் முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பத் திருத்தினார். நாம் தேர்வு செய்த அன்று பக்கத்து அறையிலேயே பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். இருவரையும் அரை மணி நேரம் அவர்களோடு உட்கார வைத்துப் பார்த்திருக்கலாமே! அது நம் புத்திக்கு எட்டவில்லை.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் முன் ஒருவர் இன்னொருவருக்கு நற்சாட்சி சொல்ல வந்த செய்தி கிரந்தங்களில் வருகிறது. அவருடைய அண்டை வீட்டில் வசித்தீரா, அவரோடு பிரயாணம் செய்தீரா, பணத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்தீரா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பதே பதில். அவர் பள்ளிவாசலில் தொழுவதைப் பார்த்திருப்பீர், அவ்வளவுதான். அவரை உமக்குத் தெரியாது என்று கூறிவிட்டார்கள். தாடியையும் தொப்பியையும் கண்டு பெட்டிச் சாவியைக் கொடுப்பவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

திருமறையின் கஸஸ் அத்தியாயம் இதற்கு அளவுகோல் தருகிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்திக் கொள்ளும்படி தந்தையிடம் கூறிய பெண், வலிமை, நம்பிக்கை என்னும் இரு தகுதிகளைச் சொன்னாள். அவள் எதைக் கண்டு சொன்னாள்? கிணற்றடியில் கூட்டத்தினிடையே தங்கள் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் புகட்டியதைக் கண்டாள். கூலி கேளாமல் நிழலுக்கு ஒதுங்கிய கண்ணியத்தையும் கண்டாள். அவர்களிடம் சான்றிதழும் இல்லை, சிபாரிசும் இல்லை. செய்த வேலையே சாட்சி.

இவ்விரண்டில் ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிட்டாலும் போதாது. ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்களின் வாய்மைக்கு ஈடு ஏது? ஆயினும் அவர்கள் பதவி கேட்டபோது, அது அமானிதம், அதைச் சுமக்கும் வலு உமக்கில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அன்போடு மறுத்துவிட்டார்கள். மறுபுறம், ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அன்று குறைஷியரின் மதத்தில் இருந்தவர். பாலைவனப் பாதை அவருக்கு அத்துபடி. ரகசியத்தைக் காப்பார் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள். உயிரே பணயமான வேளையிலும் பார்க்கப்பட்டவை திறமையும் நாணயமுமே!

நம் அம்மாபேட்டைத் தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நெய்ய ஆள் வந்தால் தறியில் உட்காரச் சொல்வார்கள். கரை நேராக நிற்கிறதா, ஊடை சீராக விழுகிறதா, அறுந்த இழையை எப்படி முடிகிறான் என்று பார்ப்பார்கள். ஒரு முழத் துணியே அவனைப் பற்றிச் சொல்லிவிடும். அதே முதலாளி கணக்குப்பிள்ளையைத் தேடும்போது மட்டும் இந்த அளவுகோலை ஏன் மறந்துவிடுகிறார்?

மேல்நாட்டு ஆராய்ச்சியும் இங்கேதான் வந்து நிற்கிறது. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 85 ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை ஆண்டு படித்தார் என்பது வேலைத் திறமையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. வேலையைச் செய்து காட்டச் சொல்வதோ மிக அதிகம் சொல்கிறது என்று கண்டார்கள். நம் தமிழ்நாட்டிலேயே ஜோஹோ மென்பொருள் நிறுவனம், பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைக் கல்லூரிப் பட்டம் கேளாமல் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலைக்கு வைக்கிறது. இருபது ஆண்டுகளாக இது நடந்து வருகிறது.

ஆகவே, ஆள் தேடும் சகோதரர்களுக்குச் சில வார்த்தைகள். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒரே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அப்படிச் சோதனைக்காக வாங்கும் வேலைக்கும் கூலி கொடுங்கள். 'பார்க்கிறோம்' என்று சொல்லி ஒரு வாரம் சும்மா வேலை வாங்குவது ஹக்கைப் பறிப்பதாகும். நாணயம் அரை மணி நேரத்தில் தெரியாது. அதற்கு அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்தவர்களிடம் விசாரியுங்கள். கண்டதைச் சொல்வது சாட்சி. காணாததை உறவுக்காகச் சொல்வது சிபாரிசு. தீய சிபாரிசு செய்பவருக்கு அதன் பாவத்தில் பங்குண்டு என்று நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது. வேண்டாமென்று முடிவு செய்தால் அதை அன்றே சொல்லிவிடுங்கள். தகப்பன் வீட்டில் காத்திருப்பான்.

அந்த இரண்டாமவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். 'ரிஸ்கு அல்லாஹ்விடம் இருக்கிறது, ஹழ்ரத்!' என்று சிரித்தார். அது அவருடைய பெருந்தன்மை. அவருக்கு அல்லாஹ் வேறு வாசலைத் திறந்ததால் நாம் சொன்ன தவறான சாட்சி சரியாகிவிடாது. அந்தப் பதினைந்து பிள்ளைகள் இழந்த ஆறு மாதத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.