முற்றாத முதுகில் சுமை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழி தமிழர் வீடுகளிலும் பள்ளிகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இளமையே பயிற்சிக்கு உரிய பருவம் என்னும் உண்மையை அது சுருங்கச் சொல்கிறது. ஆனால், அப்பழமொழி வளைப்பதைப் பற்றிப் பேசுகிறதே அன்றிச் சுமை ஏற்றுவதைப் பற்றிப் பேசவில்லை. வளைத்தல் வேறு, சுமத்துதல் வேறு. இளமரத்தின் கிளையை வளைத்து விரும்பிய பக்கம் வளரச் செய்யலாம். அதே கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடினால் என்ன ஆகும்? இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறந்து மனிதன் செய்துவரும் பிழைகளுள் ஒன்று, இளங்குதிரையின் மீது காலத்திற்கு முன்பே ஏறி அமர்தல்.

குதிரை விரைந்து வளர்ந்துவிட்டதுபோல் தோற்றம் தரும் விலங்கு. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் குட்டி எழுந்து நிற்கிறது. அன்றே தாயின் பின்னால் ஓடவும் செய்கிறது. இரண்டு வயதில், தான் அடைய வேண்டிய உயரத்தில் பெரும்பகுதியை அடைந்துவிடுகிறது. மினுமினுக்கும் தோலும் திரண்ட தசையும் காண்பவர் கண்ணை மயக்குகின்றன. 'இது முழுதும் வளர்ந்த குதிரை' என்று கண் சொல்கிறது. எலும்போ வேறு செய்தி சொல்கிறது.

வளரும் விலங்கின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டுகள் உண்டு. எலும்பு நீள்வது அவ்விடங்களில்தான். வளர்ச்சி நிறைவுற்றதும் அத்தட்டுகள் எலும்பாக இறுகி மூடிக்கொள்கின்றன. குதிரையின் உடலில் இவை யாவும் ஒரே காலத்தில் மூடுவதில்லை. கால்களின் கீழ்ப்பகுதியில் உள்ளவை ஏறத்தாழ ஓராண்டு அளவில் மூடிவிடுகின்றன. முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே உள்ள தட்டு மூடுவதற்கு இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எல்லாவற்றிற்கும் கடைசியில் முற்றுவது முதுகெலும்பு. அது முழுதும் இறுகுவதற்கு 5 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ வேண்டும். மனிதன் சேணமிட்டு அமர்வது எங்கே? கடைசியாக முற்றும் அந்த முதுகின் மீதே அல்லவா?

வாயின் நிலையும் இத்தகையதே. குதிரைக்குப் பாற்பற்கள் 24. அவை விழுந்து நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரையில். ஈறு நொந்திருக்கும் அப்பருவத்தில்தான் பெரும்பாலான குதிரைகளின் வாயில் இரும்புக் கடிவாளம் இடப்படுகிறது. குதிரை தலையைச் சிலுப்பினால், 'முரட்டுக் குதிரை' என்று பழிக்கப்படுகிறது.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு விந்தை உண்டு. பந்தயக் குதிரைகளின் பிறந்தநாளை இயற்கை வகுப்பதில்லை, ஏடு வகுக்கிறது. உலகின் வடபாதியில் பிறந்த குதிரைகள் யாவற்றிற்கும் ஜனவரி 1 அன்றும், ஆஸ்திரேலியா முதலிய தென்பாதி நாடுகளில் பிறந்தவற்றிற்கு ஆகஸ்டு 1 அன்றும் ஒரு வயது கூடுகிறது. இங்கிலாந்தில் மே மாதம் பிறந்த குட்டிக்கு அடுத்த ஜனவரியில் ஒரு வயது. அதற்கடுத்த ஜனவரியில் இரண்டு வயது. உண்மையிலோ அதற்கு அப்போது ஏறத்தாழ இருபது மாதமே ஆகியிருக்கும். ஏட்டு வயதுக்கேற்ப எலும்பு முற்றுமா?

இந்த விரைவு என்றும் இருந்ததன்று. 1764-இல் இங்கிலாந்தில் பிறந்த எக்லிப்ஸ் என்னும் குதிரை, முதன்முதலில் பந்தயத்தில் ஓடியது 1769-இல். அப்போது அதற்கு வயது ஐந்து. மொத்தம் 18 பந்தயங்களில் ஓடி, ஒன்றிலும் தோல்வி காணாமல் அது ஓய்வு பெற்றது. முற்றிய குதிரைகள் நெடுந்தொலைவு ஓடிய காலம் அது. பின்னர் வழக்கம் மாறியது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான செயின்ட் லெஜர் பந்தயம் 1776-இலும், டெர்பி பந்தயம் 1780-இலும் தொடங்கின. நியூமார்க்கெட்டில் 1786-இல் தொடங்கிய ஜூலைப் பந்தயம் இரண்டு வயதுக் குதிரைகளுக்கே உரியது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1957 முதல் நடந்துவரும் 'கோல்டன் ஸ்லிப்பர்' என்னும் 1200 மீட்டர் பந்தயமும் இரண்டு வயதுக் குதிரைகளுக்கு உரியதே. உலகில் மிகப் பெரிய பரிசுத் தொகை வழங்கும் பந்தயங்களுள் அதுவும் ஒன்று.

இந்த மாற்றத்தால் குதிரையின் உடல் விரைந்து முற்றத் தொடங்கியதா? இல்லை. உடையவரின் பொறுமையே சுருங்கியது. லாயத்தில் நிற்கும் குதிரைக்கு நாள்தோறும் தீனி வேண்டும், ஆள் வேண்டும், மருத்துவம் வேண்டும். ஐந்து ஆண்டுகள் காத்திருப்பதைவிட இரண்டாண்டில் ஓடவிட்டால் போட்ட முதல் விரைவில் திரும்பும். அவசரத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த அவசரத்தின் விலை எத்தகையது? பாய்ந்தோடும் குதிரையின் ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் நொடியில், உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்குகிறது. இளங்குதிரைகளின் முன்னங்கால் எலும்பின் முகப்பில் வீக்கமும் வலியும் தோன்றுவது பந்தய லாயங்களில் அன்றாடக் காட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ அறிஞர் டேவிட் நுனமேக்கர் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நெடுந்தொலைவு மெல்ல ஓட்டும் பழைய முறை, எலும்பைப் பந்தய வேகத்திற்கு ஆயத்தப்படுத்துவதில்லை என்றும், குறுகிய தொலைவு வேக ஓட்டத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிவந்தால் இந்நோய் குறையும் என்றும் அவர் காட்டினார்.

இவ்விடத்தில் மறுதரப்பினர் ஒரு வாதத்தை முன்வைப்பர். 'உழைப்பால்தானே எலும்பு உரம் பெறுகிறது? லாயத்தில் அடைத்துவைத்த குட்டி நோஞ்சானாகத்தானே வளரும்?' என்பர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகள் பிந்தித் தொடங்கியவற்றைவிட நீண்ட காலம் பந்தயத்தில் நிலைத்தன என்றும் சுட்டுவர். இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பயன்படுத்தாத எலும்பு வலுவிழக்கும் என்பது அறிவியல் உண்மை. புல்வெளியில் துள்ளித் திரியும் குட்டியே உறுதியாக வளர்கிறது.

ஆயினும், இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, இரண்டு வயதில் களம் இறங்குவன இயல்பிலேயே வலிமையும் நலமும் வாய்ந்தவை. பயிற்சியிலேயே கால் கெட்டு ஒதுக்கப்பட்ட குதிரைகள் அக்கணக்கில் முன்வரிசையில் நிற்பதில்லை. கரையேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, 'ஆற்றில் ஆழமில்லை' என்று சொல்லலாமா? இரண்டாவது, உழைப்பு உரம் தரும் என்பது தானே ஓடியாடும் உழைப்பிற்கும் அளவறிந்த பயிற்சிக்கும் பொருந்தும்; முதுகில் ஏறி வலிந்து விரட்டுவதற்குப் பொருந்தாது. மயிற்பீலியே ஆயினும் அளவு மீறினால் வண்டி தாங்காது என்பதை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் உணர்த்தியிருக்கிறார். சுமையின் தன்மையைவிடச் சுமப்பதன் வலிமையை அறிவதே முதற்கடமை.

ஆனால் இது எலும்பைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று; அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். இளங்குதிரை தன் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. புல்வெளியில் வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் அது. நொண்டுவதைக் காட்டிக்கொண்ட குதிரை முதலில் இரையாகும். ஆகவே, வலியை மறைத்து ஓடுவது அதன் பிறவிக்குணம். அது ஓடுவதைக் கண்டு, 'ஓட விரும்புகிறது' என்று மனிதன் முடிவு கட்டுகிறான். தாங்கிக்கொண்டது என்பதும் இசைந்தது என்பதும் ஒன்றாகுமா? 'இளங்கன்று பயமறியாது' என்பர். பயமறியாத இளமைக்குப் பதிலாக அஞ்ச வேண்டியவன் அதை வளர்ப்பவனே.

இன்னும் ஒன்று. இவ்வாணிகத்தில் ஊதியம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொன்றுக்கு. இரண்டு வயதில் வென்ற குதிரை, ஏழு வயதில் முதுகு நோயால் வருந்தும்போது, பரிசு பெற்றவரின் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது விற்கப்பட்டுக் கைமாறியிருக்கும். வினையும் விளைவும் இவ்வாறு பிரிந்துவிடும்போது, மனச்சான்று எளிதில் உறங்கிவிடுகிறது. விரைவைத் தீர்மானிப்பவனே வலியையும் சுமக்க நேர்ந்தால், அவன் இதே விரைவைத் தீர்மானிப்பானா? எளியதன் மீது வலியது செலுத்தும் அதிகாரம் நேரியதா என்று சோதிக்க இக்கேள்வி ஒன்றே போதும்.

காத்திருப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் பெயர் 1572-ஆம் ஆண்டு ஏடுகளிலேயே காணப்படுகிறது. அங்குள்ள லிப்பிஸ்ஸானர் குதிரைகள் பீபர் என்னும் ஊரில் பிறந்து, கோடைக் காலங்களில் மலை மேய்ச்சல் நிலங்களில் ஓடி வளர்கின்றன. நான்கு வயதளவிலேயே அவை பள்ளிக்கு வருகின்றன. பயிற்சி நிறைவுற மேலும் ஆறு ஆண்டுகள் வரை ஆகும். கருமையாகப் பிறக்கும் அக்குட்டிகள் வளர வளரவே வெண்மை பெறுகின்றன. அவற்றுள் பல இருபது வயதைக் கடந்த பின்னும் அரங்கில் ஆடுகின்றன. இக்கலையை 2015-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

காத்திருத்தல் என்பது சோம்பியிருத்தல் அன்று. மனிதக் கை பட்டால் மிரளாதிருத்தல், கயிற்றில் அமைதியாக நடந்து வருதல், குளம்பைத் தூக்கிக் காட்டுதல், மூத்த குதிரையோடு புதிய பாதைகளில் செல்லுதல் ஆகிய யாவும் முதுகில் ஏறாமலே கற்பிக்கத் தக்கவை. பழமொழி கூறும் வளைவு இதுவே. இதில் நம்பிக்கை வளர்கிறது, எலும்பு முறிவதில்லை.

1842-இல் தோன்றிய சங்கத்தின் வழியே சிங்கப்பூரில் வேரூன்றிய குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சித் திடலில் நடந்த இறுதிப் பந்தயத்தோடு முடிவுற்றது. அங்கு ஓடிய குதிரைகளுள் மிகப் பல, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து கடல் கடந்து வந்தவை. ஒரு திடல் மூடியதால் கேள்வி மூடிவிடவில்லை. இளமையின் வலிமை எவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், அவர்முன் அது நிற்கிறது. ஆசிரியர் முன்னும் நிற்கிறது. பிள்ளையும் குதிரையும் ஒன்றல்ல. எனினும், 'இது கற்கும் பருவமா, சுமக்கும் பருவமா?' என்று பார்த்துச் செயற்படும் பொறுப்பு இரண்டிடத்தும் ஒன்றே. ஐந்தில் வளைக்கலாம், வளைக்கவும் வேண்டும். ஏற்றும் சுமை மட்டும் முதுகு முற்றும்வரை காத்திருக்கட்டும்.