பேய்க்கதையும் பகுத்தறிவும்

பேய்க்கதைகளைப் பிள்ளைகள் வாசிக்கலாமா? கந்தப்பளைத் தோட்டங்களில் மாலைப் பனி இறங்கியதும் லயத்து அடுப்படிகளில் இக்கதைகள் தொடங்கிவிடும். இவை விசுவாசத்துக்கு ஆகாதவை என்பர் சில பெற்றோர். விஞ்ஞான காலத்தில் இவை வெறும் பொழுதுபோக்கு என்பர் வேறு சிலர். இரு சாராரும் நிதானித்து நோக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு.

ஐரோப்பாவில் இவ்விலக்கியம் பிறந்தது மூடநம்பிக்கை மலிந்த காலத்திலன்று. பகுத்தறிவே பேரொளி என்று அறிஞர்கள் முழங்கிய பதினெட்டாம் நூற்றாண்டிலேயாகும். ஆங்கிலேயரான ஹொரஸ் வால்போல் இவ்வகையின் முதல் நாவலை 1764இல் வெளியிட்டார். உலகனைத்தையும் அறிவால் அளந்துவிடலாம் என்று மனிதன் நம்பியபோது, அவனுடைய உள்ளத்து இருளை இக்கதைகள் சுட்டிக்காட்டின.

1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில் பேயே இல்லை. விஞ்ஞானம் கற்ற இளைஞன் ஒருவன் பிரேதங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்குகிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். அவ்வுயிரோ மனிதரின் பேச்சைக் கற்கிறது, அன்பைத் தேடுகிறது, எங்கும் விரட்டப்பட்டு, இறுதியில் கொலைக்கும் துணிகிறது. கொலை பாவமே. ஆயினும் உருவாக்கிவிட்டுக் கைவிட்டவனுக்கு அதில் பங்கில்லையா? அவனிடம் அறிவு குறையவில்லை, அன்புதான் குறைந்தது.

இந்நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தவர் புதுமைப்பித்தன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் முன்னோர் பட்ட பாட்டை 1935இல் 'துன்பக்கேணி' என்ற கதையாக எழுதியவரும் அவரே. பிழைக்க வந்த மருதி என்ற ஏழைப் பெண்ணை அதில் சீரழிப்பது பேயல்ல, அதிகாரமுள்ள மனிதர்.

நம்மிடையிலும் மனம் குழம்பிய ஒருத்தியைப் 'பேய் பிடித்தவள்' என்று கட்டிவைத்து அடிப்பதுண்டு. தீய ஆவி இல்லையென்று திருச்சபை சொல்லவில்லை. ஆனால் பேயோட்டும் சடங்குக்கு முன், அது நோயல்ல என்று உறுதிசெய்ய வேண்டும் என்றும், ஆயரின் அனுமதி பெற்ற குருவே அதைச் செய்யலாம் என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தெளிவாகக் கற்பிக்கிறது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது விசுவாசக் குறைவன்று. அவள் குணமாகித் திரும்பும்போது பழைய பெயரைச் சொல்லி ஒதுக்குவதே விசுவாசக் குறைவு. மருந்து கொடுப்பது அறிவின் வேலை. அவளை மீண்டும் நம்மில் ஒருத்தியாக ஏற்பது அன்பின் வேலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவள் கைவிடப்பட்டவளே.

எனவே பெற்றோரே, பிள்ளைகள் பேய்க்கதை வாசித்தால் புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். இக்கதையில் யார் யாரைக் கைவிட்டார் என்று கேளுங்கள்.

இரவில் கடல்மீது நடந்து வந்தவரைக் கண்டு, பேய் என்று அலறினர் சீடர்கள். வந்தவரோ ஆண்டவர் இயேசு. அச்சம் நம் கண்ணை மறைக்கும்போது, நாம் பேயென்று விரட்டுவது யாரை என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.