தெரேசின் சிறுவரின் வண்ணங்கள்

துயருற்ற குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுத்தால் அதன் மனக்காயம் ஆறும் என்று இன்று பலரும் தயங்காமல் சொல்கின்றனர். நாமும் அதை மறுக்கவில்லை. ஆயினும் அக்குழந்தை எதை வரைய வேண்டும், யாருக்காக வரைய வேண்டும் என்னும் வினாக்கள் அத்துணை எளிதில் தீர்வன அல்ல.

இவற்றை எண்ணும்போது, நாட்சிகள் யூதரை அடைத்து வைத்த செக் நாட்டுக் கோட்டை நகரான தெரேசின் நம் நினைவுக்கு வருகிறது. வியன்னாவில் 1898-இல் பிறந்து, பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் யூத ஓவியர் 1942 டிசம்பரில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் கிடந்த சிறுவர்க்கு அவர் ஓவியம் கற்பித்தார். நல்ல தாள் கிடைக்காதபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்புறம் போதுமானதாயிற்று. 'நீ பட்ட துன்பத்தை வரைந்து காட்டு' என்று அவர் வற்புறுத்தவில்லை. சிலர் அடுக்குக் கட்டில்களையும் காவலரையும் வரைந்தனர். பலர் மலர்ச்சாடியையும் பட்டாம்பூச்சியையும் தாம் விட்டுவந்த வீட்டையும் வரைந்தனர். படத்தில் குழந்தை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார். அச்சிறுவருக்கு அந்நகரின் ஏடுகளில் இருந்தது ஓர் எண்.

சிறைக்குள் இருந்துகொண்டு தோட்டத்தை வரைவது உண்மையை மறைப்பது ஆகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் அதே தெரேசினில் வேறொரு வண்ணப்பூச்சும் நடந்தது. 1944 ஜூன் 23-ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வருவதற்காகச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டினார்கள், பூஞ்செடிகள் நட்டார்கள், நெரிசல் தெரியாதிருக்க, அதற்கு முந்திய மாதம் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அந்தப் பூக்கள் காண வருவோரை ஏமாற்றுவதற்காக, ஆணையின்பேரில் பூத்தவை. சிறுவரின் பூக்களோ எவரையும் ஏமாற்றக் கருதியவை அல்ல. தன் வாழ்வில் எதையுமே தேர்ந்துகொள்ள இயலாத குழந்தை, எந்த நிறம், எந்த மலர் என்று தேர்ந்துகொண்ட நேரம் அது. இவ்விரண்டையும் ஒன்றென நம்மால் கொள்ள முடியவில்லை.

ஃபிரீடல் 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவரிடம் பயின்ற சிறுவருள் மிகப் பெரும்பாலோரும் மாண்டனர். இரண்டு பெட்டிகளில் அடைத்து ஒளிக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சின. அவை இன்று பிராகா யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. சாகவிருந்த பிள்ளைகளுக்கு என்ன குணம் கிடைத்தது என்பார்க்கு நம்மிடம் நிறைவான விடை இல்லை. ஆனால் நாளை பயன்படுமா என்று கணக்குப் பார்த்து இன்றைய ஆறுதலைக் குழந்தைக்கு மறுக்கும் உரிமை யாருக்கும் உண்டென நாம் கருதவில்லை. அவருடைய மாணவி எடித் கிராமர் 1938-இல் அமெரிக்கா சென்று, ஓவியவழி மனநலச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரைச் சிறுவரும் படம் வரைந்தனர்; அவற்றுள் பல கண்காட்சிக்கும் சென்றன. கறுத்த அலையை வரைந்த குழந்தைக்குப் பாராட்டும் படகை மட்டும் வரைந்த குழந்தைக்கு ஏமாற்றப் பார்வையும் கிடைக்குமாயின், அங்கே மருந்து தேடுவது குழந்தை அல்ல, பார்க்க வந்தவரே. இத்தகைய பணியில் ஈடுபடும் நம் இளைஞர் முதலில் அந்தப் படகைப் பற்றிக் கேட்கட்டும். பிறகு, படத்தைச் சுவரில் மாட்டலாமா, வீட்டுக்கு எடுத்துப் போகிறாயா என்று அக்குழந்தையிடமே கேட்கட்டும்.