பார்ப்பவன் நிற்கும் இடம்

நம் இலக்கியச் சர்ச்சைகளில் சாட்சி என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்துவருகிறது. முண்டக உபநிஷத்தில் ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றது வெறுமே பார்த்திருக்கிறது. எழுத்தாளன் அந்த இரண்டாவது பறவை, பற்றற்றவன், ஆகவே யாரையும் பாதிக்காதவன் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த 'ஆகவே' எனக்குச் சந்தேகமாயிருக்கிறது.

ஓசூரை அடுத்த சானமாவு காட்டை எடுத்துக்கொள்கிறேன். ராகி முற்றும் பருவத்தில், பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைகள் இங்கே வருகின்றன. பகலில் காடு, இரவில் வயல். சில மந்தைகள் பேரண்டபள்ளி பக்கம் தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டும். செய்தி பரவியதும் வண்டிகள் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் கூடுகிறார்கள். கேட்டால், சும்மா பார்க்கிறோம் என்பார்கள். பொய்யல்ல. கல்லெறியாதவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆனால் யானைக்குப் பார்வை மந்தம். மோப்பமும் செவியும் கூர்மை. அதற்கு அந்தக் கூட்டம் ஒரு சுவர். வழி அடைபட்ட மந்தை திரும்பி யாருடைய வயலுக்குள்ளாவது இறங்குகிறது. பார்த்தவன் வீட்டுக்குப் போய்விடுகிறான். பார்த்ததற்கான விலையை அங்கே இல்லாத ஒருவன் கொடுக்கிறான்.

இதற்கு ஹைஸன்பர்கைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரானின் சங்கடம் வேறு. இங்கே விஷயம் எளியது: பார்ப்பவனுக்கு உடம்பிருக்கிறது, அது இடத்தை அடைக்கிறது. உபநிஷத்தின் பறவையும் ஒரு கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதே இரவில் பரண்மேல் டார்ச்சும் தகரமுமாக விழித்திருக்கும் விவசாயியும் பார்க்கிறான். வனக்காவலரும் பார்க்கிறார். வேடிக்கை பார்ப்பது, பார்த்துக்கொள்வது: தமிழ் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்து, பின்னதில் ஒரு 'கொள்' சேர்த்திருக்கிறது. பொறுப்பு அந்தத் துணைவினையில் இருக்கிறது.

விலகி நிற்பதே தவறென்று நான் சொல்லவில்லை. காவலரும் விலகித்தான் நிற்கிறார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மந்தை எந்த வழியாகத் திரும்பும் என்று தெரிந்து நிற்கிறார். அவர் விலகுவது யானைக்கு வழிவிட. கூட்டம் விலகி நிற்பது தன் உடம்பைக் காத்துக்கொள்ள. இரண்டு தூரமும் அளவில் ஒன்றாகவே இருக்கலாம்.

பிறர் துயரத்தை எழுதுகிறவன் தன் நிர்ச்சலனத்தைப் பற்றிப் பேசுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: என் தூரம் யாருக்கு வழிவிடுகிறது? சானமாவில் இதற்கு விடை ஒரே இரவில் தெரிந்துவிடும். கவிதையில் நாளாகலாம். அதனால் கேள்வி இல்லையென்று ஆகிவிடாது.