கொடுப்பவன் பார்க்க வேண்டிய காம்பு

இனத்தைக் காட்டிக்கொடுத்தவனைக் 'கோடாலிக்காம்பு' என்று ஏசுவது தமிழில் வழக்கம். கடந்த தசாப்தங்களில் இந்நாட்டில் அச்சொல் எவ்வளவு இலகுவாக வீசப்பட்டது என்பதை நாம் அறிவோம். தன் இனமான மரத்தை வெட்ட இரும்புக்குத் துணைபோனது காம்பின் குற்றமாம். ஆனால் காம்பு தானாகப் போய் இரும்பில் செருகிக்கொள்வதில்லை. செதுக்கியது ஒரு கை, செருகியது ஒரு கை, ஓங்கியது ஒரு கை. இத்தனை கைகளையும் விட்டுவிட்டு மரத்தின்மீது பழி போடும் மனம், கருவியால் விளையும் விபத்துகளிலும் அதையே செய்கிறது என்பதே இங்கு நமது கவலை.

மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதி உலர் வலயம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் வரட்சி. மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், வரட்சியில் சுருங்கும். சேனை வெட்டுகிறவரின் கோடாலியானாலும், பெல்வத்தைக் கரும்புத் தோட்டத்துக் கத்தியானாலும், பதுளைத் தேயிலைமலை மம்பட்டியானாலும் இரும்பு அப்படியே இருக்கிறது. காம்புதான் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டிருக்கிறது. அது தளரும்போது பலர் செய்வது, கோடாலியை இரவு முழுதும் தண்ணீரில் ஊறப்போடுவது. காலையில் இறுகியிருக்கும். ஆனால் இரும்புத் துளைக்குள் ஊத இடமின்றி மரத்தின் நார்கள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் முன்னிலும் மெலிந்து, முன்னிலும் தளர்கின்றன. அன்றைய வேலை நடந்துவிடுகிறது. ஆபத்து நாளைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரேகை நீளவாக்கில் ஓடும், நன்கு காய்ந்த மரத்தில் காம்பு செதுக்குவது. வைரமான ஆப்பு இறுக்குவது. ஆண்டுக்கு ஓரிரு தடவை லின்சீட் எண்ணெய் தேய்ப்பது. கொதிவெயிலிலும் அடுப்படியிலும் கறையான் ஏறும் மண்தரையிலும் போடாதிருப்பது. வெடிப்புக் கண்டால் கம்பி சுற்றிச் சமாளிக்காமல் காம்பையே மாற்றுவது. சிறிது நேர வேலைதான். அந்தச் சிறிது நேரம் யாருடைய கடமை என்பதே கேள்வி.

கேள்வி மிகப் பழையது. உபாகமத்தின் 19ஆம் அத்தியாயம் இதே சம்பவத்தைத்தான் உதாரணமாக எடுக்கிறது: அயலவனோடு மரம் வெட்டக் காட்டுக்குப் போனவனின் கோடாலி காம்பிலிருந்து கழன்று அயலவனைக் கொன்றுவிட்டால், பகை ஏதுமில்லாத அவன் அடைக்கல நகரொன்றுக்கு ஓடி உயிர் தப்பலாம். அல்குர்ஆனில் ஸூரா அந்நிஸாவின் 92ஆம் வசனமும் தவறுதலாக நிகழ்ந்த கொலையை வேண்டுமென்றே செய்ததிலிருந்து பிரிக்கிறது. ஆனாலும் அடிமை விடுதலையையும், குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி நட்டஈட்டையும், வழியில்லாதவனுக்குத் தொடர்ந்து இரு மாத நோன்பையும் அது விதிக்கிறது. எண்ணம் இல்லாததால் கணக்கும் இல்லையென்று ஆகிவிடவில்லை.

தவறுதலுக்கே இவ்வளவு என்றால், காம்பு தளர்ந்திருப்பதை நேற்றே கண்டு, 'இன்றைக்குத் தாங்கும்' என்று விட்டவனின் செயலை என்னவென்பது? இரும்பு கழன்றது ஒரு கணத்தில். விபத்து தொடங்கியதோ கண்டும் விட்ட அந்த நாளில். அதையும் 'கத்ர்' என்று சொல்லி மூடிவிடுவது, நமது சோம்பலுக்கு ஈமானின் ஆடையைப் போர்த்துவதாகும்.

இரவல் வாங்கியவனின் பொறுப்பை நமது ஷாபிஈ பிக்ஹ் தெளிவாகவே பேசுகிறது. இரவல் பொருள் அவன் கையில் அழிந்தால் ஈடு செய்ய வேண்டும். அனுமதிக்கப்பட்ட பாவனையால் தேய்ந்தால் மட்டும் விலக்கு. இது கொடுத்தவனின் உரிமை. பெறுகிறவனின் உரிமையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கோடாலி திரும்பி வந்ததா என்று பார்க்கிறோம்; எப்படிப்பட்ட கோடாலியைக் கொடுத்தனுப்பினோம் என்று பார்ப்பதில்லை.

ஸுனன் அபூதாவூதில் அனஸ் (ரழி) அவர்கள் வழியாக வரும் அன்ஸாரித் தோழரின் சம்பவம் பலருக்கும் தெரிந்தது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் கண்ட அறிஞர்களும் உண்டு. யாசகம் கேட்டு வந்தவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, ஒன்றில் வீட்டாருக்கு உணவும் மற்றதில் கோடாலியும் வாங்கிவரச் சொன்னார்கள். 15 நாட்களின் பின் அவர் 10 திர்ஹம் உழைத்து வந்தார். உழைத்து உண்ண வேண்டும் என்ற பாடத்தோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். இடையில் ஒரு சிறு செய்தி இருக்கிறது: அவர் கொண்டுவந்த இரும்புக்கு நபியவர்கள் தம் கையாலேயே காம்பிட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்ட ஒருவரை அனுப்புமுன், அவர் கையில் இருக்கப்போகும் கருவிக்கும் பொறுப்பேற்றார்கள்.

வேலையில் காயப்பட்டவருக்கு ஈடு வழங்கத் தொழில்தருநரைக் கடமைப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. ஆனால் ஈடு என்பது காயத்துக்குப் பின் வருவது. ஒரு நாட்கூலிக்கு ஆளைப் பிடித்துப் பலாக்கிளை தறிக்க விடும் நம் வீட்டு வளவுகளில் சட்டத்தை யார் நினைக்கிறார்கள்? வெடித்த காம்புள்ள கோடாலியை நீட்டினாலும் அவர் வாங்கிக்கொள்வார். மறுத்தால் அன்றைய கூலி போய்விடும். வேறு வழியில்லாதவரின் சம்மதத்தைக் காட்டி நமது பொறுப்பைக் கழுவிவிட முடியாது. அவர் தம் சொந்தக் கோடாலியோடு வந்தாலும், கூலி பேசுமுன் அதன் காம்பைப் பார்ப்பது நமக்குக் கௌரவக் குறைச்சலுமில்லை.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்று சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். வியர்வை சிந்துமுன் காம்பை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது அதற்கும் முந்திய கடன்.