நிலையாமையும் நிச்சயமின்மையும்

நிலையாமை வேறு, நிச்சயமின்மை வேறு. இவ்விரண்டும் ஒன்றென மயங்கி யான் பல ஆண்டுகள் போதித்து வந்தேன். அம்மயக்கத்தை எனக்கு உணர்த்தியவர் பண்டிதர் ஒருவரல்லர். தாராவியில் தோல்பை தைத்துப் பிழைக்கும் ஓர் உபாசிகை.

2024ஆம் ஆண்டு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நடந்த ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் அநித்தியத்தைக் குறித்துப் பேசினேன். தோன்றியன யாவும் மறையும், கட்டியன யாவும் இடியும், ஆகலின் வீட்டின்மீது பற்று வைப்பது துக்கத்துக்கு வித்து என்றேன். கூட்டம் கலைந்தபின் அவ்வம்மையார் என்னிடம் வந்தார். "ஐயா, எங்கள் வீட்டுக் கதவில் எண் எழுதிப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு இங்கேயே வீடா, வேறு எங்கேயோவா என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார் இல்லை. மாடியில் இருக்கும் என் மகன் குடும்பத்துக்கு என்ன என்பதும் தெரியவில்லை. எங்கள் சந்தில் மூன்று மாதமாக ஒருவருக்கும் நல்ல தூக்கம் இல்லை. இதுவும் நீங்கள் சொன்ன அநித்தியந்தானா?" என்று கேட்டார். "ஆம், அம்மா" என்று விடையிறுத்தேன். அவர் மறுமொழி கூறாது தலையசைத்துப் போனார். அந்தத் தலையசைப்பு என்னைப் பல இரவுகள் உறங்கவொட்டவில்லை.

நமது வாசகர்களில் பலர் தாராவிக்கு வெளியே வாழ்வதால் ஒரு சொல் கூறிவிடுகிறேன். தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2004இலேயே அரசால் அறிவிக்கப்பட்டது. ஏலங்கள் வந்தன, போயின. இறுதியாக 2022இல் ஒரு நிறுவனம் தேர்வாயிற்று. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னர் தரைத்தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று உடையார்க்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னர் வந்தோர்க்கும் மாடியில் இருப்போர்க்கும் வேறிடத்தில் வேறு ஏற்பாடு என்பது அரசின் விதி. தொடக்கத்தில் பிறந்த குழந்தைகள் இருபது வயதைக் கடந்துவிட்டனர்.

யான் சொன்ன விடையில் பிழை எங்கே என்று ஆராயப் புகுந்தபோது, என் மனம் நூல்களிடம் செல்லாமல் பழைய ஆலை வாயிலுக்குச் சென்றது.

1988இல், பதினெட்டாம் வயதில், பரேல் வட்டாரத்து ஆலை ஒன்றில் பத்லியாகச் சேர்ந்தேன். பத்லி என்பான் மாற்றாள். நிரந்தரத் தொழிலாளி வாராத நாளில் அவனிடத்தில் நிற்பவன். அவன் வந்துவிட்டால் பத்லிக்கு அன்று வேலையுமில்லை, கூலியுமில்லை. காலைச் சங்கு ஊதுமுன் நாற்பது பேர் வாயிலில் நிற்போம். முக்காதம் வெளியே வந்து விரலால் ஒவ்வொருவராகச் சுட்டுவார். சில நாள் பத்துப் பேர். சில நாள் மூவர். கடைசி ஆளைச் சுட்டிவிட்டு அவர் உள்ளே போன பின்னும் நாங்கள் சிறிது நேரம் அசையாமல் நிற்போம்.

உள்ளே எனக்குக் கிடைத்தது நூற்புப் பகுதியில் ரிங் பிரேம். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் அவ்வியந்திரத்தில் எந்தக் கதிரில் எப்போது இழை அறும் என்று எவராலும் கூற இயலாது. நிச்சயமின்மை என்றால் அதைவிட நிச்சயமின்மை வேறு உண்டோ? ஆயினும் அதைக் கண்டு ஒருவரும் அஞ்சியதில்லை. காற்று வறண்டால் இழை அறும். அதனாலேயே ஆலைக்குள் நீராவி தெளித்தார்கள். டிராவலர் என்னும் சிறு வளையம் தேய்ந்தால் அறும். பஞ்சு மட்டமானால் அறும். அறுந்தால் இணைக்க எங்கள் விரல்களுக்குத் தெரியும். காரணம் தெரிந்தது, கைத்தொழிலும் தெரிந்தது. ஆகவே அங்கே அச்சமில்லை.

உள்ளே ஒருவரும் சகுனம் பார்த்ததில்லை. வாயிலிலோ சகுனம் பாராதவன் இல்லை. ஒருவன் எலுமிச்சம்பழம் மடியில் வைத்திருப்பான். ஒருவன் வேலை கிடைத்த நாளில் அணிந்த சட்டையையே வாரம் முழுதும் அணிவான். வேலை கிடையாதவன், "இன்று யார் முகத்தில் விழித்தேனோ" என்று வீடு சென்று மனைவியை ஏசுவான். பசிபிக் பெருங்கடலில் டிரோபிரியாந்து தீவுமக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி என்னும் அறிஞர் ஒன்று எழுதியுள்ளார். அம்மக்கள் கரையோர உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆழ்கடலுக்குச் செல்லும்போது மட்டும் மந்திரச் சடங்குகள் மிகுதி என்கிறார். அதைப் படித்தபோது, எங்கள் ஆலைக்குள்ளே உப்பங்கழி, ஆலை வாயிலே ஆழ்கடல் என்று எண்ணிச் சிரித்தேன்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. எங்கள் சந்தில் கணவனை இழந்த அம்மையார் ஒருவர் இருந்தார். விடியுமுன் குழாயடியில் குடத்துடன் நிற்பார். அவர் முகத்தில் விழித்தால் அன்று முக்காதத்தின் விரல் என்னைச் சுட்டாது என்று நம்பி, யான் பின்சந்து வழியாகச் சுற்றிப் போவேன். புத்தர் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைதான் யான். ஒரு நாள் பின்சந்தில் சாக்கடை நிரம்பியிருந்ததால் முன்வழியே வர நேர்ந்தது. என்னைக் கண்டதும் அவ்வம்மையார் தாமே முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்று எனக்கு வேலை கிடைத்தது என்பது இன்னும் வெட்கம்.

ஈண்டு ஒரு செய்தியைக் கவனியுங்கள். மறுநாள் யார் யார் விடுப்பு என்பது முக்காதத்துக்கு முதல் நாள் மாலையே பெரும்பாலும் தெரியும். பட்டியல் அவர் சட்டைப்பையில் இருந்தது. எங்களுக்குச் சொல்லியிருந்தால் முப்பது பேர் வீட்டில் உறங்கியிருப்பார்கள், அல்லது வேறு கூலிக்குப் போயிருப்பார்கள். அவருக்கு அது நிச்சயம். எங்களுக்கு மட்டுமே நிச்சயமின்மை. யாங்கள் விதி என்றும், முகராசி என்றும், பிறர் பார்வை என்றும் கருதி வணங்கியதும் வைததும் ஒரு துண்டுக் காகிதத்தை!

மழை பொய்ப்பதும், உடல் மூப்பதும், இழை அறுவதும் பொருள்களின் இயல்பு. அவை நிலையாமை. ஒருவன் அறிந்ததை மற்றவன் அறியாதபடி வைத்திருப்பதால் விளைவது வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இருளில் கயிறும் பாம்பும் ஒன்றாவதுபோல. 2016இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் செய்த சோதனை ஒன்றில், கணினியில் தோன்றும் கல்லின் அடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்கச் சொல்லி, பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். அதிர்ச்சி உறுதி என்று அறிந்தோரைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையில் இருந்தோர்க்கே மனநெருக்கடி மிகுதியாயிருந்ததாம். ஆலை வாயிலில் நின்றவனுக்கு இதைச் சொல்ல இலண்டன் வேண்டியதில்லை. எனினும் நம் சொல்லை ஏற்காதார் உளராகலின் குறித்தேன்.

பகவன் புத்தர் இவ்விரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்தினாரா? இல்லை. இறந்த குழந்தையைச் சுமந்துவந்த கிசா கோதமியைச் சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் செய்தார். அது நிலையாமைக்கு உரிய மருந்து. தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்திலோ, கள்வரால் அலைக்கழிந்த நாட்டின் அரசனுக்கு அவன் புரோகிதர் கூறிய வழியாக அவர் எடுத்துரைப்பது வேறு: உழுவோர்க்கு விதை கொடு, வணிகர்க்கு முதல் கொடு, பணியாளர்க்கு உணவும் கூலியும் கொடு. அவ்வாறு செய்தபின் மக்கள் கதவைத் தாழிடாமல் உறங்கினர் என்று அக்கதை சொல்கிறது. கதவைத் திறந்துவைத்து உறங்க இயலாத மக்களிடம் சென்று, "யாவும் அநித்தியம்" என்று ஓதும்படி அவர் அப்புரோகிதருக்குக் கற்பிக்கவில்லை. யான் ஓதினேன்.

அப்படியாயின் நிச்சயமே நன்மை, நிச்சயமின்மையே தீமை என்று கொள்ளலாமோ? அதுவும் பொருந்தாது. நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையில் நிச்சயத்தில்தான் வாழ்ந்தார்கள். எந்தத் தெருவில் நடக்கலாகாது, எந்தக் கிணற்றில் மொள்ளலாகாது, பேரன் என்ன தொழில் செய்வான் என்பதெல்லாம் பிறக்குமுன்னரே நிச்சயம். இந்நகரத்து ஆலைகளிலும் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதார்க்கு இடமில்லை. நாடாவில் இழையை வாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும், எச்சில் படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இதை எதிர்த்து நின்றார். அந்த மூடிய கதவும் ஒரு நிச்சயமே. அத்தகைய நிச்சயத்தை உதறித்தான் நம் தாத்தாமார் ரயிலேறித் தாராவித் தோல் பதனிடும் கிடங்குகளுக்கு வந்தனர். நாளை என்ன என்று தெரியாத ஊரை அவர்கள் விரும்பித் தேர்ந்தார்கள். தெரியாமை அவர்களை வருத்தவில்லை. தம் நாளையைப் பிறன் சட்டைப்பையில் வைத்திருப்பதே மனிதனை வருத்துவது.

என் தந்தையார் 18-1-1982இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் இருந்தவர். டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினர். அவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்பட்டதாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. "அடுத்த வாரம் முடிவாகும்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே அவர் ஊருக்கும் திரும்பாமல், வேறு தொழிலுக்கும் போகாமல், ஒன்றரை ஆண்டு திண்ணையில் இருந்தார். தோல்வி என்று ஒருவர் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. 2012இல் ஆலைத் தொழிலாளர்க்கென ஏறக்குறைய ஏழாயிரம் வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. விண்ணப்பித்தோர் லட்சத்துக்கும் மேல். தந்தையார் அப்போது இல்லை, தாயார் விண்ணப்பித்தார், பெயர் வரவில்லை. ஆயினும் அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார். குலுக்கலில் யார் காலிலும் விழவேண்டியதில்லை அல்லவா என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உபாசிகையின் வீட்டுக்குச் சென்றேன். "அம்மா, அன்று நான் சொன்னது தவறு" என்றேன். அவர் ஒன்றும் கூறாமல் பரண்மேல் இருந்த பிளாஸ்டிக் பையை இறக்கினார். ரேஷன் அட்டை, மின்கட்டணச் சீட்டுகள், மகனின் பள்ளிச் சான்றிதழ், மறைந்த கணவரின் வாக்காளர் அட்டை. தரையில் பரப்பி ஆண்டு வாரியாக அடுக்கினோம். 1997ஆம் ஆண்டுச் சான்று ஒன்று கிடைத்தது. தரைத்தளத்துக்கு அது போதும் என்று விதியைத் தமிழில் படித்துக் காட்டினேன். மகனுக்கு அவ்விதியில் இங்கே இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. சற்று நேரம் கழித்து, "அப்படியானால் அவன் இப்போதே செம்பூர்ப் பக்கம் வாடகைக்குப் பார்க்கட்டும். இதைத்தானே, ஐயா, அன்றே சொல்லியிருக்கலாம்" என்று கூறித் தேநீர் போட எழுந்தார்.

அதுமுதல் பௌர்ணமிக் கூட்டத்தில் முதலில் அறிவிப்புகளையும் விதிகளையும் தமிழில் படிக்கிறோம், உபதேசம் பிறகு. சென்ற மாதம் இருபத்தேழு பேர் பையோடு வந்திருந்தனர். எல்லாவற்றையும் அடுக்கி முடிக்க இரவு பத்தரை ஆயிற்று. உபதேசத்துக்கு நேரமில்லை.