உறுதியில் எழுதாத வாக்கு

காணி உறுதி முடிக்கும்போது வாயால் ஒன்றைச் சொல்லி, உறுதியில் அதை எழுதாமல் விட்டால் அது பொய்யாகுமா? எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே என்பார் பலர்.

1888 ஒக்ரோபர் 30ஆம் நாள், இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டின் புலவாயோவில் அப்படி ஓர் உறுதி முடிந்தது. எழுதுவித்தவர் செசில் றோட்ஸ். அங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகன். கிம்பர்லி வைரச் சுரங்கங்களால் பெருஞ் செல்வரானவர். அவர் நேரில் போகவில்லை. றட் என்பவரையும் வேறு இருவரையும் அனுப்பினார். லொபெங்குலா அரசருக்கு மாதம் 100 பவுண், 1,000 துவக்குகள், 1,00,000 ரவைகள், சம்பேசி ஆற்றில் ஓர் ஆயுதப் படகு. பதிலுக்கு அவர் நாட்டின் கனிப்பொருள் அனைத்தும், அவற்றை எடுக்கத் தேவையென வந்தவர்கள் கருதும் எதனையும் செய்யும் அதிகாரமும்!

பத்துப் பேருக்கு மேல் வந்து தோண்டமாட்டோம் என்று அவர்கள் வாக்களித்ததாகப் பின்னர் எழுதியவர், அன்று மொழிபெயர்த்த வேதபோதகர் சாள்ஸ் ஹெல்மேதான். உறுதியில் அது இல்லை. ஆயினும் அரசருக்கு எல்லாவற்றையும் முற்றாக விளக்கினேன் என்று அதே உறுதியில் சான்று எழுதிக் கொடுத்தவரும் அவரே. வாசிக்கத் தெரியாத அரசருக்கு வேறு கண் ஏது? றோட்ஸைக் கண்டிப்பது எளிது. என் மனத்தை உறுத்துபவர் இந்தப் போதகர்தான்.

அரசர் விரைவிலேயே உறுதியை மறுத்தார். விக்ரோறியா இராணியிடம் தூதரையும் அனுப்பினார். பயனில்லை. 1889இல் றோட்ஸின் கம்பெனிக்கு அரச பட்டயம் கிடைத்தது. 1890இல் வந்தவர்கள் பத்துப் பேரல்ல, பல நூறு பேர். அவர்கள் குடியேறிய நிலத்தின் ஷோனா மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. 1893இல் மக்சிம் துவக்குகள் மீதியை முடித்தன.

பிற சபைப் போதகரின் குற்றம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அந்த 1890ஆம் ஆண்டு அணியோடு இயேசு சபைக் குரு ஒருவரும் சென்றார். சிஷவாஷாவில் நம் மிசனுக்குக் கிடைத்த நிலமும் கம்பெனி கொடுத்ததே. அங்கே பாடசாலை எழுந்தது, பிள்ளைகள் படித்தார்கள்; மெய்தான். றோட்ஸும் 1902இல் இறந்தபோது, ஒக்ஸ்போட்டில் படிப்போருக்கான புலமைப்பரிசில்களைத் தம் மரணசாதனத்தில் எழுதியிருந்தார். ஆனால் பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவப்பொறுத்தல் இல்லையென்று ஞானோபதேச வகுப்பிலே படித்தோமே. அங்கே, தானமாக வேறொன்றைக் கொடுத்தால் போதும் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.